மேப்பில் மட்டும் இருந்த ஏழாவது கூடை

என்னைப் பெண் பார்க்க வருகிறவன் அமெரிக்காவில் தட்டு எறிகிறான் என்று தரகர் சொன்ன அன்றே அப்பாவுக்குத் தூக்கம் போய்விட்டது. கம்ப்யூட்டர் வேலை, சொந்தக் கார், சொந்த வீடு எல்லாம் அந்த வருஷம் வந்த எல்லா மாப்பிள்ளைக்கும் இருந்தது. இவன் சனி ஞாயிறு ஆனால் ஒரு தோப்புக்குள் போய் பிளாஸ்டிக் தட்டை வீசுவானாம். தூரத்தில் நட்டு வைத்திருக்கும் சங்கிலிக் கூடையில் அது போய் விழ வேண்டுமாம். அதற்கு டிஸ்க் கோல்ஃப் என்று பெயராம். மொத்தம் ஒன்பது கூடை. எது எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு மேப்பும் உண்டாம்.

"அவ்வளவுதானுங்களா?" என்றார் அப்பா. "நம்ம தோப்புலயே போட்டுப்போடலாம்."

என் அப்பா பங்காருசாமி நாயுடு. பீளமேட்டில் ஸ்பின்னிங் மில், தொண்டாமுத்தூருக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு, சட்டைப் பையில் தொண்ணூற்றெட்டாம் வருஷத்துச் செல்போன். கோபம் வந்தால் தெலுங்கு பேசுவார், பெருமை வந்தால் இங்கிலீஷ். இரண்டும் இல்லாத நேரத்தில்தான் கோயமுத்தூர்த் தமிழ் வரும், அது அபூர்வம்.

ஜாதகத்தோடு வந்த போட்டோவில் மாப்பிள்ளை யஷ்வந்தின் முதுகுக்குப் பின்னால் பாதிக் கூடை தெரிந்தது. அந்தப் பாதியை வைத்து மில் ஒர்க்‌ஷாப்பில் ஒன்பது முழுக் கூடை செய்தார்கள். இரும்புக் கம்பத்தில் ஒரு வளையம், வளையத்தில் மாட்டுச் சங்கிலி, அதற்குக் கீழே கோழி அடைக்கும் கூடை போல ஒன்று. தோப்பில் பண்ணையம் பார்க்கும் ஆறுச்சாமி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "கோழி ஓடிப்போகாதுங்களா, மேல தொறந்துல்ல கெடக்குது?" என்று கேட்டார். அவருக்கு விளக்கம் சொல்லும் பொறுமை யாருக்கும் இல்லை. நட்ட மறுநாளே ஒவ்வொரு கம்பத்திலும் ஓர் ஆட்டைக் கட்டிவிட்டார்.

எனக்கு இதில் எல்லாம் ஆட்சேபணை இல்லை. மாப்பிள்ளை தட்டு எறியட்டும், தாம்பாளம் எறியட்டும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். என் கல்யாணத்துக்குச் சித்தப்பா வர வேண்டும்.

சித்தப்பா திருவேங்கடசாமி, அப்பாவின் ஒரே தம்பி. அம்மா போன பிறகு என்னை வளர்த்தது அவரும் சித்தியும்தான். பிளஸ் டூ பரீட்சை எழுதின ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் லேம்ப்ரெட்டா ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அவர். அப்பாவுக்கு நான் என்ன குரூப் படித்தேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

பிறகு பாகம் பிரித்தார்கள். அளவில் அப்பாவுக்குத்தான் அதிகம். ஆனால் வடகிழக்கு மூலையும் அதிலிருந்த கிணறும் சித்தப்பாவுக்குப் போனது. ஈசானிய மூலை போய்விட்டதே என்று யாரோ ஒரு புண்ணியவான் அப்பாவிடம் சொன்னான். அன்றிலிருந்து மில்லில் ஸ்டிரைக் வந்தாலும், நூல் விலை இறங்கினாலும், முழங்கால் வலித்தாலும் எல்லாவற்றுக்கும் அந்த மூலைதான் காரணம். கேஸ் போட்டார், தோற்றார். ஏழெட்டு வருஷமாக அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. நானும் போகக் கூடாது. கல்யாண வீடுகளிலும் இழவு வீடுகளிலும் பந்தலின் அந்தக் கோடியில் சித்தப்பாவைப் பார்ப்பேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டுவார்.

"சித்தப்பா வராட்டி எனக்குக் கல்யாணமே வேண்டாமுங்கப்பா" என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தேன். சும்மா மிரட்டலுக்குச் சொல்லவில்லை. நிஜமாகத்தான் சொன்னேன்.

"அவம் பேரு எம்பத்திரிகையில வராது. நீ போயி வேலையப் பாரு அம்மணி" என்றார். அதற்குப் பிறகு கொஞ்சம் தெலுங்கும் வந்தது. அதை இங்கே எழுத முடியாது.

இனி அந்த மேப் தயாரான கதையைச் சொல்கிறேன்.

வரைந்தவர் வாஸ்து சென்னிமலை. மில்லுக்கு வாசல் இடம் மாற்றியவர், எங்கள் வீட்டுச் சமையலறையை இரண்டு முறை இடித்தவர். அவர் தோப்பைக் காலால் மிதிக்கவே இல்லை. மூலை இல்லாத பூமியை மூலை இல்லாமல் வரைந்து விருந்தாளி கையில் கொடுப்பது அபசகுனம் என்றார். ஆகையால் மேப்பில் பூமி அழகான சதுரமாக ஆனது. சித்தப்பாவின் கிணறும் அதில் அடக்கம். கோர்ட்டில் கிடைக்காத மூலையைச் சென்னிமலை ஸ்கேல் வைத்து ஒரே கோட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டார். அப்புறம் ஒன்பது கூடையை நவக்கிரகம் மாதிரி மூன்று வரிசையில் வைத்தார். தோப்பில் எங்கே சந்து கிடைத்ததோ அங்கே ஆறுச்சாமி நட்டிருந்ததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சென்னிமலையின் கணக்குப்படி ஏழாவது கூடை சரியாகச் சித்தப்பாவின் கிணற்று மேட்டில் வந்து உட்கார்ந்தது.

"ஏழாவத எங்கீங்க நடறது?" என்று, அதுவரை எட்டு மட்டும் நட்டிருந்த ஆறுச்சாமி கேட்டார்.

"மோட்டார் ரூம்புல கெடக்கட்டும்" என்றார் அப்பா.

மேப் அச்சுக்குப் போனது கோட்டைமேட்டு ரசாக் பாயிடம். எங்கள் குடும்பத்துப் பத்திரிகை எல்லாம் அவர் பிரஸ்ஸில்தான். வெறும் கோடும் நம்பரும் இருந்த காகிதத்தை அவர் கவலையோடு பார்த்தார். "மேப்புன்னாலும் நல்ல காரியத்துக்குத்தானுங்களே மொதலாளி. மேல ஸ்ரீ போட்டு, கீழ அழைக்கிறவங்க பேரு போட்டாத்தானுங்க லச்சணம். வெறுங்கோடாக் குடுத்தா எழவுக் காயிதமாட்ட இருக்குமுங்க."

அப்பாவுக்கு அது ரொம்பவும் நியாயமாகப் பட்டது. ஆக மேப் கல்யாணப் பத்திரிகை ஆனது. மேலே ஸ்ரீ, இரண்டு பக்கமும் வாழைமரம், நடுவில் அப்பாவின் மில் படம், அதற்குக் கீழே தீப்பெட்டி அளவில் தோப்பு. அச்சாகி வந்த பிறகு மூலைக்கு மூலை மஞ்சள் தடவினார்கள். ஒரு சொட்டு தோப்பின் மேலும் சிந்தி ஒன்றாம் கூடை மறைந்துபோனது. அப்பா மூன்று முறை புரூஃப் பார்த்தார். இனிஷியலுக்குப் பின்னால் புள்ளி இல்லை என்று ஒரு முறை திருப்பி அனுப்பினார், வாழைமரத்தில் குலை இல்லை என்று இன்னொரு முறை. கூடைகள் இருக்கும் இடம் சரிதானா என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் சரவணம்பட்டியிலிருந்து மூன்று காரில் தோப்புப் பந்தலில் வந்து இறங்கினார்கள். யஷ்வந்த் அரை டிராயர் போட்டிருந்தான். எங்கள் பக்கத்துப் பெரியம்மாக்கள் மொத்தமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் ஆறு முழ மல்லிகைப்பூவும் காஞ்சிபுரம் பட்டுமாக, தட்டு எறிவதற்குத் தோதாகத்தான் நின்றுகொண்டிருந்தேன்.

"ரெண்டு பேரும் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. பேசுனாப்புலயும் இருக்கும்" என்றார் அப்பா. என் கையில் மேப்பைக் கொடுத்தார். யஷ்வந்த் கையில் தன் செல்போனைக் கொடுத்து, "எனி டவுட், கால் மீ" என்றார்.

ஊரில் எங்களுக்கு இருந்தது அந்த ஒரே செல்போன்தான். தோப்பில் வேறு போன் கிடையாது. அவர் கொடுத்த போனிலிருந்து அவரை எதில் கூப்பிடுவது என்று நான் கேட்கவில்லை. கேட்டாலும் பிரயோஜனம் இல்லை, வடவள்ளி தாண்டினாலே டவர் போய்விடும். யஷ்வந்த் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பார்த்தான், தென்னை மரத்தில் ஒரு காலை வைத்து ஏறியும் பார்த்தான். "நோ சிக்னல். பரவாயில்ல, மேப் இருக்கே" என்றான்.

அவன் மேப்பை நம்பின மாதிரி நான் சாமியைக் கூட நம்பியது கிடையாது. கைக்கடிகாரத்தில் திசை காட்டும் முள் வைத்திருந்தான். முள் காட்டும் வடக்குக்கு மேப்பைத் திருப்புவான், நாலடி நடப்பான், நிற்பான், "இங்க இருக்கணுமே" என்பான். கூடை அவனுக்குப் பின்னால் ஆட்டோடு நின்றுகொண்டிருக்கும். ஆடு கத்தினால்தான் திரும்புவான். திரும்பிப் பார்த்துவிட்டு, "இது நம்பர் டூ இல்ல. நம்பர் டூ அங்க இருக்கு" என்று ஒன்றுமில்லாத திசையைக் காட்டுவான். அங்கேயே தட்டையும் வீசுவான். நான் பட்டுப்புடவையைத் தூக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி எடுத்துவருவேன். கண்ணுக்கு எதிரே இருக்கிற கூடையை விட்டுவிட்டுக் காகிதத்தில் இருக்கிற கூடையைத் தேடுகிறவனோடு ஒரு ஆயுசு எப்படி ஓட்டுவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். ஆனால் வியர்த்து வழிந்தும் ஒரு தரம் கூட அவன் எரிந்து விழவில்லை. என் செருப்பு சேற்றில் மாட்டியபோது குனிந்து அவனே எடுத்துக் கொடுத்தான். அதையும் குறித்துக்கொண்டேன்.

ஆறுச்சாமி எதிரே வந்தார். "தம்பி, கூடையெல்லாம் இந்தப் பக்கமுங்க" என்றார்.

"தேங்க்ஸ்ங்க, மேப் இருக்கு" என்றான் யஷ்வந்த்.

ஏழாவதைத் தேடி வடகிழக்கே திரும்பினான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கண்ணைக் கட்டி விட்டால் கூட அங்கே போய்விடுவேன். அவனைத் தடுக்காமல் பின்னாலேயே நடந்தேன். போகக் கூடாது என்றுதானே சொல்லியிருந்தார் அப்பா? நான் எங்கே போனேன், மேப்தான் போனது. எல்லையில் முள்வேலி. போன வாரம் யானை வந்து இரண்டு கம்பத்தைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. "மேப்ல வேலியே இல்லையே" என்று சொல்லிக்கொண்டே யஷ்வந்த் அந்தச் சந்தில் நுழைந்தான். நானும் பின்னால் நுழைந்தேன்.

கிணற்று மேட்டில் சித்தப்பா தக்காளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். அரை டிராயரோடு வந்து நின்றவனைப் பார்த்து மண்வெட்டியைக் கீழே வைத்தார். "ஏனுங்க தம்பி, வழி தப்பிப்போச்சுங்களா?"

"இல்லங்க, வழி கரெக்ட்தான். ஏழாவது கூடை எங்க இருக்கு?"

அவனுக்குப் பின்னால் நின்ற என்னை அப்போதுதான் பார்த்தார். "கண்ணு" என்றார். ஏழெட்டு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சுக்குப் பதிலாக எனக்கு அழுகைதான் வந்தது. யஷ்வந்த் என்னையும் பார்த்தான், கூடை இல்லாத கிணற்றையும் பார்த்தான். விளையாட்டில் இவ்வளவு ஈடுபாடு உள்ள பெண்ணை அவன் அமெரிக்காவில் கூடப் பார்த்திருக்க மாட்டான்.

சித்தப்பா ஈரக்கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு மேப்பை வாங்கினார். சதுரத்தைப் பார்த்ததும் முகம் கறுத்தது. "எங்கெணத்து மேல ஏழுன்னு போட்டிருக்குது. உங்கொப்பன் கேசுல தோத்துப்போட்டு காயிதத்துல ஜெயிச்சுப்போட்டானா?"

கிழித்துப் போடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் காகிதத்தைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, மேலேயிருந்து ஒவ்வொரு வரியாகக் கீழே வந்தார். கடைசி வரியில் பெருவிரல் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன்.

'தங்கள் நல்வரவை நாடும்: ப. பங்காருசாமி நாயுடு, தம்பி ப. திருவேங்கடசாமி நாயுடு மற்றும் குடும்பத்தார்.'

மில் வெள்ளிவிழாப் பத்திரிகையில் இதே வரி இருந்தது. பாகம் பிரிப்பதற்கு முன்பு அடித்த பத்திரிகை. ரசாக் பாய் பழசைப் பார்த்து அப்படியே அச்சுக் கோத்துவிட்டார், வேறென்ன? அப்பா தன் பெயரையும் வாழைக்குலையையும் தாண்டி எதையும் படித்திருக்க மாட்டார்.

சித்தப்பா வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அலமேலு! அந்த வெள்ளச் சட்டையெடு. அண்ணன் பேரு போட்டுக் கூப்புட்டிருக்கான்."

அந்தக் குரலில் இருந்த சந்தோஷம்தான் எனக்குப் பயமாக இருந்தது. அங்கே போய் நின்றால் அப்பா என்ன பேசுவார் என்று எனக்குத் தெரியும். அத்தனை பேர் முன்னால் பேசுவார், அதுவும் தெலுங்கில் பேசுவார். அப்புறம் சித்தப்பா ஜென்மத்துக்கும் எங்கள் பக்கம் திரும்ப மாட்டார், எனக்குக் கல்யாணமும் கிடையாது. உள்ளே ஓடிப்போய்ச் சித்தியிடம் சொன்னேன். "சித்தி, அது பிரஸ்காரரு தெரியாமப் போட்டதுங்க. அப்பா போட்டிருக்க மாட்டாரு. நீங்க சித்தப்பாகிட்டச் சொல்லுங்க."

சித்தி பெட்டியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினாள். "யாரு போட்டா என்ன கண்ணு, பேரு இவருதுதானே. இத்தன வருசத்துல உங்கொப்பன் எந்தக் காயிதத்துலயும் இவரு பேரப் போட்டதில்ல, வக்கீல் நோட்டீசத் தவிர. நாஞ்சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத் தானும் புடவை மாற்றப் போய்விட்டாள்.

ஒரு தார் செவ்வாழையோடு கிளம்பினோம். சித்தப்பா முன்னால் நடந்தார், வேலிச் சந்து வழியாக நேராகப் பந்தலுக்கு. யஷ்வந்த் பாதி வழியில் மேப்பை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவரிடமே கொடுத்தான். "இந்த ரூட் இதுல இல்லையே" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான்.

பந்தலில் இலை போட்டுப் பந்தியும் ஆரம்பித்துவிட்டது. அப்பா சம்பந்தி வீட்டார் பக்கத்தில் நின்று இன்னும் ஜாங்கிரி வைக்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். ஜாங்கிரித் தட்டோடு நின்றவன் அப்படியே நின்றான். எங்கள் ஆட்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். இலவசமாக ஒரு சண்டை பார்க்கக் கிடைக்கிறது, விடுவார்களா? சித்தப்பா வாழைத்தாரை இறக்கக்கூட மறந்து, கையில் மேப்பை நீட்டிக்கொண்டு நின்றார். டிக்கெட் கேட்பதற்கு முன்பே எடுத்துக் காட்டுகிற பஸ் பயணி மாதிரி இருந்தது. அந்த நிலையில் அவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. யஷ்வந்தின் அம்மா என் அப்பாவிடம், "இவங்க யாருங்க?" என்று கேட்டாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். தெலுங்குக்குக் காத்திருந்தேன்.

"எந்தம்பிங்க. மேப்புல பேரு போட்டிருக்குதுங்களே, பாக்கலீங்களா?" என்றார். பிறகு சித்தப்பா பக்கம் திரும்பி, "ஏன்டா இத்தன நேரம்? எல காஞ்சு போச்சு. உக்காரு" என்றார்.

தமிழ்தான். எங்கள் ஆட்கள் ஏமாற்றத்தோடு ரசத்துக்குத் திரும்பினார்கள்.

சித்தப்பா உட்கார்ந்தார். அப்பாவே அவருக்குச் சோறு வைத்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் யஷ்வந்துக்குத் தன் குறையைச் சொல்ல நேரம் கிடைத்தது. "அங்கிள், மேப் சூப்பர். ஆனா ஏழாவது கூடை மட்டும் அங்க இல்ல."

எங்கள் ஆட்கள் மறுபடியும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். அந்த ஏழு யாருடைய பூமியில் இருக்கிறது என்று எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் கிடையாது. அப்பா முழங்கால் வலி வந்தவர் மாதிரி பெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

சித்தப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "அது இன்னும் நடலீங்க தம்பி" என்றார். "நாளைக்கு நட்டுப்போடலாம். கூடை எங்க கெடக்குதுண்ணா?"

"மோட்டார் ரூம்புல" என்றார் அப்பா. சொல்லிவிட்டு ரசம் வாங்கப் போகிறவர் மாதிரி வேகமாகப் பந்தலுக்குப் பின்னால் போனார். திரும்பி வந்தபோது ரசம் இல்லை, முகத்தைக் கழுவியிருந்தார்.

சாயந்திரம் அப்பாவோடு காரில் வீடு திரும்பினேன். யஷ்வந்த் வீட்டில் சம்மதம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். நானும் சொல்லிவிட்டேன். அந்த மேப்பை வைத்துக்கொண்டு போக வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்த ஒரே ஆள் அவன்தான். இன்றைக்கும் தான் வழி தப்பவில்லை என்றுதான் சாதிக்கிறான், என்னாலும் மறுத்துச் சொல்ல முடிவதில்லை.

வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. இனிஷியலுக்குப் பின்னால் ஒரு புள்ளி விட்டுப்போனதைக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிய மனிதர், தன் பெயருக்கு அடுத்ததாக இருந்த தம்பி பெயரை மூன்று முறையும் பார்க்காமலா விட்டிருப்பார்? அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்து அனுப்பியதும் அவர்தானே?

"அப்பா, சித்தப்பா பேர நீங்களே போடச் சொன்னீங்களா?"

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செல்போனை எடுத்துத் தட்டிப் பார்த்தார், சட்டைப் பையில் போட்டார், மறுபடியும் எடுத்தார்.

"போன்லயே கூப்புட்டுச் சொல்லிப்போடலாம்னுதான் பாத்தேன் கண்ணு" என்றார். "அங்க டவர் கெடைக்கல பாரு."

சித்தப்பா வீட்டில் எந்தப் போனும் கிடையாது. எங்கள் தோப்புக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு முள்வேலி, சற்று உரக்கக் கூப்பிட்டால் கேட்கும். அதற்கு ஒன்பது இரும்புக் கூடை, ஒரு வாஸ்துக்காரர், ஒரு பிரஸ், அமெரிக்காவிலிருந்து ஒரு மாப்பிள்ளை எல்லாம் வேண்டியிருந்தது என் அப்பாவுக்கு. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

"ஆமாங்கப்பா," என்றேன். "டவர் இல்லாட்டி நீங்க என்ன பண்ணுவீங்க."